முடி கொட்டாத ஆட்டின் மேல் ஒரு மனு

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஆறு வெள்ளாடுகளின் முடியைக் கொட்ட வைத்தவள் நான். தெரியாமல் செய்ததல்ல. திட்டம் போட்டு, நாள் குறித்து, நோட்டில் எழுதி வைத்துச் செய்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நுண்ணுயிரியலுக்குள் போனவள் நான். ஊரின் ஓரத்தில் எங்கள் ஆராய்ச்சி மையம் இருந்தது. மையம் என்பது கொஞ்சம் பெரிய சொல். இரண்டு அறை, ஓர் ஆட்டுக் கொட்டகை, நினைத்தபோது நின்றுவிடும் ஒரு ஃபிரிட்ஜ், எப்போதுமே நின்றிருக்கும் ஒரு ஜீப். மாட்டுக்கு ஊசி போடுகிற டாக்டரை ஊருக்குத் தெரியும். மாட்டின் வயிற்றிலிருக்கும் கிருமிகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, அவை சாப்பிட்டனவா என்று காலையில் போய்ப் பார்க்கிறவளை யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால் யாராவது ஒருவர் தன் நாய்க்கு உண்ணி மருந்து கேட்பார். எனக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிடுவார்.

"அவ ஆட்டுக்கு டாக்டர் இல்ல. ஆட்டு வவுத்துல இருக்குற கிருமிக்கு டாக்டர்."

கேட்டவர் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு பரிதாபம் தெரியும். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் அப்படித்தான் பார்த்தார்கள். இரண்டாவது வீட்டார் காபியைக் குடிப்பதற்கு முன்னால் நான் கை கழுவினேனா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டார்கள்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடங்களில் சவுண்டல் மரத்துக்கு ஏக மதிப்பு. வேகமாக வளரும், விறகாகும், இலை நல்ல தீவனம் என்று எல்லோரும் சொன்னதால் வரப்பெல்லாம் சவுண்டல் நட்டார்கள். அந்த இலையில் ஒரு நஞ்சு இருக்கிறது. அளவாகத் தின்றால் ஒன்றுமில்லை. அதையே தின்றால் ஆட்டுக்கு எச்சில் வடியும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஆனால் அந்த நஞ்சையே உடைத்துத் தின்னும் நுண்ணுயிர்கள் சில ஆடுகளின் முதல் வயிற்றில் உண்டு என்று வேறு நாடுகளில் கண்டிருந்தார்கள். நம் பக்கத்து ஆடுகளிலும் உண்டா, இருந்தால் ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு மாற்ற முடியுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

அதற்கு முதலில் அந்த நுண்ணுயிர் இல்லாத ஆடுகள் வேண்டும். பால்குடி மறந்த நாளிலிருந்து கொட்டகைக்குள்ளேயே வைத்து, வைக்கோலும் தவிடும் மட்டுமே கொடுத்து வளர்த்த ஆறு ஆடுகளுக்குச் சவுண்டல் இலையைப் போட்டேன். மூன்றாவது வாரம் தொட்ட இடத்தில் முடி கையோடு வந்தது. அடுத்த மாதம் ஆறும் உரித்த பனங்கிழங்கு மாதிரி நின்றன.

கொட்டகையைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் இருந்தவர். என்னை மேடம் என்பார், ஆடுகளை அப்பு என்பார். யாரிடம் அன்பு அதிகம் என்பது அதிலேயே தெரியும். ஒருநாள் ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன இனம்?" என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் உதவியாளர் முந்திக்கொண்டார்.

"வெளிநாட்டு இனம் சார்."

"அதானே பார்த்தேன்," என்று அதிகாரி ஆடுகளோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "நாமதான் இப்பிடி ஆக்குனோம்னு அதுக முன்னாடி எப்பிடி மேடம் சொல்றது?" என்றார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் வேறு ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை போனில் பேசுவார். "முடி கொட்டிருச்சா? ரொம்ப நல்லது. இப்ப முளைக்க வை." அவ்வளவுதான் வழிகாட்டல்.

முளைக்க வைக்க, தினமும் சவுண்டல் தின்றும் முடி கொட்டாத ஓர் ஆடு வேண்டும். அதன் வயிற்று நீர் வேண்டும். இரண்டு மாதம் அலைந்தேன். வேடசந்தூர்ப் பக்கம் மில் பஸ் போகும் ரோட்டோரக் கிராமங்களில் மேய்ப்பவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "உங்க ஆடு சவுண்டல் திங்குமா?"

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். திங்காது. சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர் ஆடுகளை அவசரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் காரணம் புரியவில்லை. சவுண்டல் நட்டவனிடம் ஆடு இருக்காது, ஆடு வைத்திருப்பவனிடம் சவுண்டல் இருக்காது, ஆகவே என் கேள்விக்கு 'உங்க ஆடு திருடுமா' என்பதுதான் அர்த்தம் என்று உதவியாளர் ஒருநாள் பஸ்ஸில் விளக்கினார். இரண்டு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கவே இல்லையே மேடம்," என்றார்.

இந்த நிலைமையில்தான் தபாலில் ஒரு மனு வந்தது.

சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து, தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியிருந்தார். 'பொருள்: அண்டை வீட்டு ஆடு சவுண்டல் மேய்வது, தடுத்து நிறுத்தக் கோருதல்.' மேலே ஐந்தாறு அலுவலகங்களின் பெயர். கடைசியில் எங்களுக்கும் ஒரு நகல். வழக்கமாக இப்படி வருவதைக் கோப்பில் போட்டுக் கட்டிவிடுவேன். ஆனால் மூன்றாவது பத்தி என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

'மேற்படி ஆடானது கடந்த எட்டு மாதங்களாக நாள் தவறாமல் என் வரப்பிலுள்ள சவுண்டலை மேய்ந்து வருகிறது. மேற்படி இலையைத் தின்றால் ஆட்டுக்கு முடி கொட்டும் என்று பலரும் கூறியதால் நானும் பொறுமையாகக் காத்திருந்தேன். இன்றைய தேதி வரை ஒரு முடிகூடக் கொட்டவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன். இணைப்பு: மேய்ந்த நாட்களின் பட்டியல், நான்கு தாள்கள்.'

நான்கு தாளையும் பிரித்துப் பார்த்தேன். தேதி, ஆடு நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், கடித்த மரத்தின் எண். மரங்களுக்கு எண் போட்டிருந்தார். ஆராய்ச்சிக்கென்று சம்பளம் வாங்கும் நான் இவ்வளவு ஒழுங்காக ஒரு பட்டியல் எழுதியதில்லை.

மறுநாளே உதவியாளரைக் கூட்டிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். நாங்கள் வருவதைப் பார்த்துக் கிளார்க் வாசலுக்கே வந்துவிட்டார். சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பத்து வருட மனு வாழ்க்கையில் நேரில் வந்த முதல் அதிகாரி நான்தானாம். வரப்புக்குக் கூட்டிப் போய் மரம் மரமாகக் காட்டினார். ஆட்டுக்கு எட்டும் உயரத்துக்கு எல்லா மரமும் ஒரே அளவாக மொட்டையாக இருந்தன.

"ஆடு தின்னதுன்னு ஒரு வரி நீங்க எழுதிக் குடுத்தாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்குவேன்."

"ஆட்ட முதல்ல பாக்கணும்," என்றேன். குரலில் ஆசை தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்காரியின் வீடு. என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தொட்டவள். அரை ஏக்கரில் சம்பங்கி போட்டிருந்தாள். பூ எடுத்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை. முன்பெல்லாம் கிளார்க்கை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளாம். மனு போட ஆரம்பித்த பிறகு அவர் அவளுக்குக் 'கிளார்க்கு' ஆகிவிட்டார்.

ஆடு முளைக்குச்சியில் கட்டியிருந்தது. கருப்புப் பெட்டை. வெயிலில் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னியது. முடியை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். ஆடு திரும்பி என்னை முறைத்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இழுத்துப் பாருங்க டாக்டரம்மா," என்று பூக்கூடையோடு வந்தாள். "சவுண்டலத் தின்னா முடி கொட்டும். இது ஊருக்கே தெரியும். எங்கயாச்சும் ஒரு முடி கொட்டிருக்கா? அப்ப எப்பிடித் தின்னுருக்கும்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

இப்படி ஒரு தர்க்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு மாதம் தின்றதால்தான் அந்த ஆடு எனக்கு வேண்டும். முடி கொட்டவில்லை என்பதால் அது தின்னவே இல்லை என்கிறாள். நான் படித்த அத்தனையும் அவள் ஆட்டுக்கு எதிராக இருந்தது. அதைச் சொன்னால் ஆட்டைத் தொட விடமாட்டாள்.

"இதோட வவுத்துலருந்து கொஞ்சம் தண்ணி எடுக்கணும்," என்றேன். "ஆராய்ச்சிக்கு."

"எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு. ஆடு சவுண்டல் திங்கலைன்னு சீல் வச்சு எழுதிக் குடுத்துட்டு எடுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் தின்றது என்று எழுதச் சொல்லி ஒருவர். இந்தப் பக்கம் தின்னவில்லை என்று எழுதச் சொல்லி ஒருத்தி. நடுவில் நான், பையில் ரப்பர் ஸ்டாம்போடு. உதவியாளர் ஆட்டிடம் போய், "என்ன அப்பு, நீ என்ன சொல்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். 'மேற்படி ஆட்டை இன்று நேரில் பரிசோதித்தேன். அதன் உடலில் முடி உதிர்ந்ததற்கான அறிகுறி எதுவும் காணப்படவில்லை.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிவியல் வாக்கியங்களில் இவ்வளவு உண்மையானதும் இவ்வளவு அயோக்கியத்தனமானதும் வேறில்லை.

அவள் அதை வாங்கி வேலிக்கு மேல் நீட்டினாள். "கிளார்க்கு, வாசிச்சுப் பாத்துக்கங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். முகத்தில் கோபம் வரவில்லை. மெல்ல ஒரு மரியாதை வந்தது. "திங்கலைன்னு எழுதலையே," என்றார் என்னிடம் மட்டும் கேட்கும்படி. "முப்பது வருசம் ஆபீஸ்ல இருந்தேன். இப்பிடி ஒரு டிராஃப்ட நான் பாத்ததில்ல." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வயிற்று நீர் எடுப்பது அப்படியொன்றும் அழகான வேலையில்லை. ஆட்டின் வாயில் நடுவில் துளை போட்ட மரக்கட்டையை வைத்து, துளை வழியாக ரப்பர் குழாயை முதல் வயிறு வரை இறக்கி, பெரிய ஊசிக்குழலால் உறிஞ்ச வேண்டும். உதவியாளர் ஆட்டைத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார். ஆடு அவர் வேட்டியின் நுனியைத் தின்ன ஆரம்பித்தது.

"உள்ள என்ன இருக்குன்னு எடுக்குறீங்க?" என்று ஆட்டுக்காரி கேட்டாள்.

"பூச்சி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி."

"பூச்சியா? போன மாசந்தான பூச்சி மருந்து ஊத்துனேன்."

"அது வேற. இது நல்ல பூச்சி."

"நல்ல பூச்சின்னா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. அத ஏன் எடுக்குறீங்க?"

ஊசிக்குழலை இழுத்தேன். பச்சையும் பழுப்புமாக நீர் வந்தது. நாற்றம் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். மல் துணியில் வடிகட்டி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்திருந்த ஃபிளாஸ்கில் விளிம்பு வரை நிரப்பினேன். அந்த நுண்ணுயிர்களுக்குக் காற்றுப் பட்டால் ஆகாது, குளிர்ந்தாலும் ஆகாது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திண்டுக்கல் போக வேண்டும். கிடைத்தது ஒரு டவுன் பஸ். அது எல்லாப் புளியமரத்தடியிலும் நின்றது.

எனக்கு முன்சீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பி ஃபிளாஸ்கைப் பார்த்தார். மூன்றாவது முறை உதவியாளரிடம் கேட்டேவிட்டார். "என்ன, சுக்குக் காபியா? ஒரு மாதிரி காரமா வாசன வருதே. தலைவலி மண்டையப் பொளக்குது, ஒரு மூடி குடுங்களேன்."

"குடுக்கலாம்," என்றார் உதவியாளர் அமைதியாக. "ஆனா இது செரிக்க நாலு வவுறு வேணும்."

முன்சீட்டுக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஆறு ஆடுகளில் மூன்றுக்கு அந்த நீரை அப்படியே புகட்டினேன். மூன்றுக்கு அதையே கொதிக்க வைத்து, உயிரெல்லாம் போன பிறகு புகட்டினேன். ஆறுக்கும் தொடர்ந்து சவுண்டல் இலைதான். பிறகு காத்திருந்தேன். கிளார்க் எட்டு மாதம் முடி கொட்டக் காத்திருந்தாரே, அதே மாதிரி நான் முடி முளைக்கக் காத்திருந்தேன். தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு கொட்டகைக்குப் போவேன். ஏழாவது வாரம் மூன்று ஆடுகளின் முதுகில் கருப்பாகப் புள்ளி புள்ளியாக வந்தது. அடுத்த வாரம் கையில் குத்தியது. கொதித்த நீர் குடித்த மூன்றும் அப்படியே வழுவழுவென்று நின்றன.

சேதி கேட்டு என் வழிகாட்டி அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். ஆட்டைத் தடவிப் பார்த்தார். கையை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"வேப்பெண்ணெய் வாடை வருதே?"

உதவியாளர் தரையைப் பார்த்தார். "பாவமா இருந்துச்சு சார். தெனம் சாயங்காலம் மேடம் போன பெறகு செத்த தடவி விட்டேன்."

ஒன்றரை வருட உழைப்பு, ஒரு கிண்ணம் வேப்பெண்ணெயில் போய்விட்டது. முளைத்த முடி நுண்ணுயிரால் வந்ததா எண்ணெயால் வந்ததா என்று இனி யார் சொல்வது? வழிகாட்டி மட்டும் நிதானமாகக் கேட்டார். "எந்த ஆட்டுக்குத் தடவுனீங்க?"

"எல்லாத்துக்குந்தான் சார். ஒண்ணுக்குத் தடவி ஒண்ணுக்குத் தடவாட்டி அதுக மனசு என்னாகும்?"

வழிகாட்டி சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. "இவர் உன்னவிட நல்ல ஆராய்ச்சியாளர்ம்மா. ஆறுக்கும் ஒரே மாதிரி தடவியிருக்கார். மூணுக்குத்தான் முளைச்சிருக்கு. எண்ணெய் வேலை செய்யலைங்கிறதும் சேர்த்து நிரூபணம் ஆயிருச்சு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உதவியாளருக்குத்தான் வருத்தம். சாயங்காலம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"புஸ்தகத்துல எண்ணெயப் பத்தி எழுதுவீங்களா மேடம்?"

"எழுதித்தான் ஆகணும்."

"வேலை செய்யலைன்னு எழுத வேணாம். தடவப்பட்டதுன்னு மட்டும் எழுதுங்க. நீங்கதான் அந்த மாதிரி எழுதுறதுல கெட்டிக்காரவுக ஆச்சே."

அப்படியே எழுதினேன். என் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் இன்றும் அந்த வரி இருக்கிறது: எல்லா ஆடுகளுக்கும் வேப்பெண்ணெய் தடவப்பட்டது.

வாய்மொழித் தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எதையும் எளிதில் நம்பாதவர் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். கூடம் நிறைய மாணவர்கள். அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைக்குள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார்.

"எந்த ஆட்டின் வயிற்று நீரை எடுத்தீர்களோ அது தினமும் சவுண்டல் தின்றது என்கிறீர்கள். இலையை நீங்கள் கொடுத்தீர்களா?"

"இல்லை."

"உரிமையாளர் கொடுத்தாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் என்ன ஆதாரம்?"

பின்னிணைப்பைப் பார்க்கச் சொன்னேன். அவர் புரட்டினார். மனுவும் நான்கு தாள் பட்டியலும் அங்கே இருந்தன. முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு என்ன தோன்றியதோ, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். 'நானும் பொறுமையாகக் காத்திருந்தேன்' என்ற இடத்தில் கூடம் வெடித்தது. அவர் சிரிக்கவில்லை. நான்கு தாளையும் விரலால் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். "எட்டு மாதம். ஒரு நாள் விடவில்லை. மரத்துக்கு எண் போட்டிருக்கிறார்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

பட்டம் கிடைத்த சந்தோஷம் இரண்டு வாரம் நீடித்தது. தேர்வைக் கேட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் காலையில் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி: 'சவுண்டல் தின்றும் முடி கொட்டாத அதிசய ஆடு.' ஊர்ப் பெயர், பூ விவசாயியின் ஆடு என்ற விவரம், எட்டு மாதம் பக்கத்து வரப்பில் மேய்ந்த கதை, எல்லாம் இருந்தது. சொன்னது நான் என்று இருந்தது.

பத்து மணிக்குக் கிளார்க் ஆபீசுக்கே வந்துவிட்டார். செய்தியைக் கத்தரித்து ஒரு கோப்பில் ஒட்டியிருந்தார். "எனக்கு நீதி கிடைச்சிருச்சும்மா," என்றார். "இனி நான் மனு போட வேண்டியதில்ல. ஒரு தடவ அவகிட்ட காட்டிட்டு வந்தேன், அது போதும்."

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அவள் என்னை நம்பி ஆட்டைப் பிடித்துக் கொடுத்தாள். நான் முத்திரை குத்தி ஒன்றைச் சொல்லிவிட்டு ஊருக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டேன். ஏமாற்றியதை எந்த மொழியில் எழுதினாலும் ஏமாற்றியதுதான். அந்த வாரக் கடைசியில் தனியாக பஸ் ஏறிப் போனேன். திட்டுவாள், வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டே போனேன்.

பூக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருங்க. கிளார்க்கு பேப்பரக் கொண்டாந்து காமிச்சாரு."

"நான் வேணும்னு செய்யல. அது எப்பிடியோ வெளிய போயிருச்சு. அன்னைக்கு எழுதிக் குடுத்ததும்..."

"அதுல என்ன தப்பு? முடி கொட்டலைன்னு எழுதுனீங்க. கொட்டல." அவள் நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "கிளார்க்குகிட்ட நான் சொல்லிட்டேன். தின்னது ஆடு இல்ல, அது வவுத்துக்குள்ள இருக்குற பூச்சி. டாக்டரம்மாவே எழுதியிருக்காக. ஒங்களுக்குத் தெம்பு இருந்தா அந்தப் பூச்சியப் புடிச்சு வேலியில கட்டிப் போடுங்கன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அது திங்குறது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? தெனம் விடியக்காலம் நாந்தான அவுத்து விடுவேன். முடிச்ச அதுவே அவுத்துக்கிட்டுப் போக அதுக்குக் கையா இருக்கு?"

எனக்கு முன்னால் அத்தனை உறுதியாக, முடியை இழுத்துப் பாருங்கள் என்று சொன்னவள் இவள்தான். என்னிடம் அவள் பொய் சொல்லியிருக்கிறாள், நான் அவளுக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நிமிடத்தில்தான் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போகும்போது ஒரு முழம் சம்பங்கியைக் கையில் திணித்தாள். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டாள். ஆட்டு வயிற்று நீரைத் தொடுகிற கை என்பதால் யாரும் வருவதில்லை என்றேன். "நல்லதாப் போச்சு," என்றாள்.

அதற்குப் பிறகு கிளார்க்கின் வரப்பு என் ஆராய்ச்சிக் களமே ஆகிவிட்டது. அவர் இரண்டு கன்றுக்குட்டிகள் வாங்கினார். அந்த ஆட்டின் வயிற்று நீரைத் தன் கன்றுகளுக்கும் புகட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக் கையில் கொடுத்தார். பொருள், பார்வை எல்லாம் போட்டு. நான் அதற்கு ஆணை எழுதி, ஆட்டுக்காரியிடம் ஒப்புதல் வாங்கி, புகட்டினேன். கன்றுகள் சவுண்டலைத் தின்று கொழுத்தன. வேலி அப்படியே இருந்தது. அவள் அவரை மறுபடி அண்ணே என்று கூப்பிட இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எங்கள் துறையே மாறிவிட்டது. நுண்ணுயிரைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க வேண்டாம், மரபணுவைப் படித்தாலே வயிற்றுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றார்கள். மைக்ரோபயோம் என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது. பத்து வருடமாக நான் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நான் அப்போது பேராசிரியர். மாணவர்களை வைத்து ஆத்தூர், சித்தையன்கோட்டை, வேடசந்தூர் என்று சமவெளி முழுக்க ஆடுகளின் வயிற்று நீரை எடுத்தோம். என் அதிசய ஆட்டின் வாரிசு நுண்ணுயிர் எத்தனை ஆட்டில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒன்றிரண்டில் இருக்கும் என்று நினைத்தேன். அதைப் பற்றி ஒரு பெருமையான கட்டுரை எழுத முன்னுரை கூடத் தயாராக வைத்திருந்தேன்.

முடிவுகள் மின்னஞ்சலில் வந்தன. கிட்டத்தட்ட எல்லா ஆட்டிலும் இருந்தது.

கொட்டகையில் அடைத்து வளர்த்த ஆடுகளுக்குத்தான் இல்லை. வெளியில் மேய்ந்த ஆடு எதுவாக இருந்தாலும் இருந்தது. அதிசயம் என்று எதைச் சொன்னேனோ அது ஊர்ப்பொதுவாக இருந்தது. முன்னுரையை அழித்தேன். அன்று ஒன்றிரண்டு பேரிடம் கோபமாகக்கூடப் பேசினேன்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது ஆட்டுக்காரியிடம் சொன்னேன். அந்தக் கருப்பு ஆடு போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. அதன் பேத்திகள் இரண்டு கட்டியிருந்தன. அவள் தலையில் நரை விழ ஆரம்பித்திருந்தது, எனக்கும்தான்.

"உங்க ஆடு மட்டும் தனி இல்லையாம். எல்லா ஆட்டுலயும் அந்தப் பூச்சி இருக்காம்," என்றேன். அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"இருக்காதா பின்ன?" என்றாள். "எந்த ஊருலதான் சவுண்டல் வரப்பு இல்ல? இந்தத் தெரு ஆடு அம்புட்டும் அந்த வரப்புலதான மேஞ்சுச்சு."

"எம்புட்டு ஆடு?"

"மத்தியானம் கிளார்க்கு தூங்குவாருல்ல. மத்த ஆடெல்லாம் அப்பப் போயிட்டு வரும். என் வீடு பக்கத்துல இருக்கவும் என் ஆட்ட மட்டும் அவருக்கு அடையாளம் தெரியும். அத மட்டும் எழுதி வச்சாரு."

பன்னிரண்டு வருட ஆராய்ச்சி. ஒரே ஒரு கேள்வியை யாரிடமாவது சரியாகக் கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். "இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"சொன்னா தெருவே சேந்து என்னைய வையும். நீங்களும் அதுக்கப்பறம் என் ஆட்டத் தேடி வந்துருக்க மாட்டீக."

கிளார்க்கைப் பார்க்காமல் வர முடியாது. கோபித்துக்கொள்வார். வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். எண்பதை நெருங்கிவிட்டார். கூடத்துச் சுவரில் அந்தச் செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. காபி வந்தது. சவுண்டல் இலை வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"இந்தத் தடவ என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

சுவரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் பரிசீலனையில இருக்குங்கய்யா," என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "அதான் சரி. எந்த ஃபைலையும் அவசரப்பட்டு மூடக் கூடாது."

காபியைக் குடித்து முடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு நடந்தேன்.